பூட்டும் கிரிலும் போதுமா? பெங்களூரு தனி வீட்டுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம் இது. ஹொரமாவில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் தரைதளமும் ஒரு மாடியும். கீழே நீங்களும் எழுபதைத் தாண்டிய பெற்றோரும், மேலே குடித்தனம். பகலில் பெற்றோர் மட்டும் இருப்பார்கள். பொங்கலுக்கு எல்லோரும் பத்து நாள் ஊருக்குப் போய்விடுவீர்கள். மே மாத மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. எல்லா ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வெல்டிங் வைத்த கிரில், வாசலுக்குப் பெரிய தொங்குபூட்டு, நான்கு கேமரா என்று கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறீர்கள். இது போதுமா?

கேமராவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆனால் எல்லா கிரிலையும் அசையாமல் வெல்டிங் வைக்கும் யோசனையை இன்றே நிறுத்துங்கள். 2021 செப்டம்பரில் தெற்கு பெங்களூரின் தேவரசிக்கனஹள்ளியில் ஓர் அடுக்ககத்தில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதில் ஒருவர் பால்கனி வரை வந்துவிட்டார். பால்கனியை மூடியிருந்த கிரிலுக்கு வெளியே வர வழியில்லை. கீழே நின்றவர்கள் பார்க்க மட்டுமே முடிந்தது. திருட்டுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் நாம் பாதுகாப்பு தேடுவது அதே கதவிலும் அதே ஜன்னலிலும்தான். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு எமனாக முடியும். அதனால் ஒவ்வொரு திறப்பிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வெளியிலிருந்து இதை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இருட்டில், புகையில், அப்பாவால் இதை உள்ளிருந்து திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? முதல் கேள்விக்குப் பத்து நிமிடமும் இரண்டாவதற்கு அரை நிமிடமும் பதிலாக வந்தால் அந்தத் திறப்பு சரி.

கிரிலை எப்படிப் போடச் சொல்வது

படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு ஜன்னல் கிரிலில், அல்லது அந்த அறையின் பால்கனி கிரிலில், ஒரு பகுதியைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். அகலம் குறைந்தது 2 அடி, உயரம் 3 அடி. அதைவிடச் சிறிதானால் பருமனான பெரியவர் ஒருவரை வெளியே எடுக்க முடியாது. கீல் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும்; கீலின் ஊசியை மேலும் கீழும் வெல்டிங் வைத்துவிட்டால் அதைத் தட்டிக் கழற்ற முடியாது. பூட்டு உள்பக்கம். சாவி அதே அறையில், ஜன்னலுக்கு வெளியே நிற்பவன் கை எட்டாத ஓர் ஆணியில், எப்போதும் அதே இடத்தில் தொங்க வேண்டும். எல்லா கிரில் பூட்டுக்கும் ஒரே சாவி பொருந்தும்படி பூட்டுகளை ஒரே செட்டாக வாங்கலாம். எந்தச் சாவி எதற்கு என்ற குழப்பம் இருக்காது. மாதம் ஒரு முறை திறந்து மூடி, பூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இரண்டு மழைக்காலம் தொடாமல் விட்ட கிரில் பூட்டு துருவேறி இறுகிவிடும். பிறகு திறக்கும் கிரிலும் வெல்டிங் வைத்த கிரிலும் ஒன்றுதான்.

கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். பழைய வீடுகளில் கிரிலை மர நிலையின் வெளிப்பக்கமாக வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் சத்தமே இல்லாமல் முழு கிரிலும் கையோடு வந்துவிடும். அந்த ஸ்க்ரூ தலைகளின் வெட்டை வெல்டிங் பொட்டு வைத்து மூடச் சொல்லுங்கள். மரம் கருகாமல் இருக்க ஈரத்துணி வைத்துக்கொண்டு செய்வார்கள்.

வாசல் கதவு

'பூட்டை உடைத்து நகை கொள்ளை' என்று செய்தியில் வரும். பெரும்பாலும் உடைவது பூட்டு இல்லை. பூட்டு மாட்டியிருக்கும் கொண்டியும் நாதாங்கியும்தான். கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பினால் முக்கால் அங்குல ஸ்க்ரூ நான்கும் மரத்தூளோடு பிடுங்கிக்கொண்டு வரும். எவ்வளவு விலை கொடுத்த பூட்டும் அந்த நான்கு ஸ்க்ரூவின் பலத்துக்கு மேல் நிற்காது. போதாக்குறைக்கு வெளியே தொங்கும் பெரிய பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே சொல்கிறது.

வெளியே பூட்டு தெரியாத, கதவோடு சேர்ந்த பூட்டு ஒன்று போடுங்கள். கதவின் உடம்புக்குள் பதியும் மார்ட்டிஸ் பூட்டோ, உள்பக்கம் மேலாகப் பொருத்தும் நைட் லாட்ச் வகையோ, எதுவானாலும் அதன் தண்டு சதுரமாக, ஓர் அங்குலமாவது நிலைக்குள் போக வேண்டும். சரிவாகச் சீவிய ஸ்பிரிங் நாக்கு மட்டும் உள்ள பூட்டை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் தள்ளித் திறந்துவிடலாம். தண்டு போய் நுழையும் தகட்டோடு கம்பெனிக்காரர் தரும் குட்டி ஸ்க்ரூக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டரை அங்குல ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். பழைய கொண்டியை விட மனமில்லை என்றால் ஸ்க்ரூவுக்குப் பதில் கதவை ஊடுருவும் போல்ட்டாக மாற்றி, நட்டை உள்பக்கம் முடுக்குங்கள்.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. உள்ளிருந்து சாவி போட்டுத்தான் திறக்க முடியும் என்ற பூட்டை வாசலுக்கு வாங்காதீர்கள். உள்பக்கம் திருகும் குமிழ் இருக்கட்டும். பக்கத்து ஜன்னல் வழியே கையை விட்டால் குமிழ் எட்டும் என்றால் அந்த ஜன்னலுக்கு உறுதியான வலையடியுங்கள். இரவில் மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், சங்கிலி, குறுக்குக் கம்பி என்று நான்கு போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒரு பூட்டு, ஒரு தாழ்ப்பாள், கை எட்டும் உயரத்தில் போதும். கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கதவும் இருந்தால் அதன் சாவியும் வாசல் அருகே உள்பக்கம், குழந்தைக்கும் தெரிந்த இடத்தில்.

நிலையைக் கவனிக்க மறந்துவிடுவோம். சுவரில் அதைப் பிடித்திருப்பவை ஹோல்ட்ஃபாஸ்ட் எனும் இரும்புப் பட்டைகள். ஒரு பக்கத்துக்கு மூன்று இருக்க வேண்டும். நிலையைக் கையால் அழுத்தினால் சுவரோரம் பூச்சு விரிசல் விட்டு அசைகிறதா பாருங்கள். அசைந்தால் பூட்டுக்கு முன்னால் அதற்குத்தான் கொத்தனார் வேண்டும்.

பின்கதவும் மொட்டை மாடியும்

பெங்களூரு வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைக்கும் யுட்டிலிட்டி என்ற சின்ன இடம் இருக்குமே, வீட்டின் பலவீனமான கதவு அதுதான். வாசலுக்குத் தேக்கு போட்டவர்கள் இங்கே பிவிசி கதவும் ஒரு தாழ்ப்பாளும் போட்டிருப்பார்கள். அதைத் திடமான கதவாக மாற்றுவது நான்கு கேமராவைவிடப் பயன் தரும்.

அடுத்தது மாடிப்படியின் உச்சியில் இருக்கும் தகரக் கதவு. முப்பதுக்கு நாற்பது, இருபதுக்கு முப்பது மனைகளில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. பக்கத்து மொட்டை மாடியிலிருந்து காலை எடுத்து வைத்தால் உங்கள் மாடி. பாதிக் கட்டுமானத்தில் நிற்கும் பக்கத்து வீடு இருந்தால் ஏறுவது இன்னும் சுலபம். மாடிக் கதவுக்கு இரும்புச் சட்டமும் உள்தாழ்ப்பாளும் வையுங்கள். தொங்குபூட்டு போட்டால் சாவியைப் படிக்கட்டுச் சுவரிலேயே மாட்டிவிடுங்கள்: வெள்ளம் வந்தால் எல்லோரும் ஏற வேண்டிய இடம் அதுதான், மேல்வீட்டுக் குடித்தனத்துக்கும் அந்தச் சாவி கிடைக்க வேண்டும்.

பத்து நாள் வீடு பூட்டிக் கிடக்கும்போது

ஆள் இல்லாத வீட்டை வாசலே காட்டிக்கொடுக்கும். கேட்டில் சொருகிய செய்தித்தாள்கள், பையில் புளித்த நந்தினி பால் பாக்கெட், பகலிலும் எரியும் வெளி விளக்கு. நம் வீடுகளுக்கு இன்னொரு அடையாளம் கூடுதல்: கோலம். தினமும் கோலம் விழும் வாசலில் மூன்று நாளாகப் பழைய மாவு அழியாமல் கிடந்தால் தெருவில் நடப்பவருக்கே தெரிந்துவிடும். பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் காலையில் வாசல் தெளித்து ரங்கோலி போட்டுவிட்டுப் போகச் சொல்லி அதற்கு ஊதியம் கொடுத்துவிடுங்கள். (எந்தத் திருட்டிலும் முதலில் வேலைக்காரர்மேல் கை நீட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உண்மையில் அவர்தான் உங்கள் வாசலைத் தினமும் பார்க்கும் ஒரே ஆள்.) வெளி விளக்குக்கும் ஓர் அறை விளக்குக்கும் டைமர் சாக்கெட் போடுங்கள், மாலை ஆறரைக்கு எரிந்து பத்தரைக்கு அணையட்டும்.

மேல்வீட்டுக் குடித்தனத்திடமும் எதிர் வீட்டிலும் உங்கள் எண்ணும் ஊரில் இருக்கும் இன்னொருவர் எண்ணும் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் முகவரி, போகும் நாள், வரும் நாள், இரண்டு எண்கள் எழுதிக் கொடுங்கள். ரோந்து வரும் பீட் காவலர் பார்வையில் வீடு இருக்கும். ஜல்லிக்கட்டுப் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம். புறப்படும்முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, கீஸர் எம்சிபியை (மின் போர்டில் கோளாறு வந்தால் தானே விழும் சுவிட்ச்) இறக்கி, சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டார் தானியங்கி என்றால் அதையும் நிறுத்துங்கள்.

கேமரா பற்றி ஒரு கணக்கு மட்டும். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. நான்குக்கு 86 ஜிபி. கொட்டேஷனில் இருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழையதன் மேல் புதியதை எழுத ஆரம்பிக்கும். பத்து நாள் கழித்து வந்து பார்க்கும் உங்களுக்கு, நீங்கள் புறப்படுவதற்குப் பல நாள் முன்பே யார் வீட்டை நோட்டம் விட்டார்கள் என்ற பதிவு இருக்காது. போலீஸுக்குத் தேவைப்படுவதோ அதுதான். 2 டிபி போடுங்கள், அல்லது அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வையுங்கள். பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பரணில் மறைவாக வையுங்கள். மீட்டர் போர்டு கீழே பார்க்கிங்கில், கேட் அருகே திறந்து கிடக்கும்; மெயினை இறக்கினால் கேமரா கண்ணை மூடிவிடும். அதனால் கேமரா, பதிவுப் பெட்டி, இன்டர்நெட் ரூட்டர் மூன்றும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். மீட்டர் போர்டைப் பூட்டி வைக்காதீர்கள். தீயணைப்பு வீரர் முதலில் தேடுவது அதைத்தான்.

நகை

பீரோ லாக்கர், புடவை அடுக்கு, பூஜையறை, அரிசி டிரம். இந்த நான்கு இடமும் எல்லோருக்கும் தெரிந்தவை, திருடனுக்கும். அணியும் நகை போக மீதி வங்கி லாக்கருக்குப் போகட்டும். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிதல், வங்கி ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல 100 மடங்கு வரைதான். ஆண்டு வாடகை 4,000 ரூபாய் என்றால் 4 லட்சம். நூறு பவுன் வைத்திருந்தாலும் அவ்வளவுதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது. தாழ்வான இடத்தில், அடித்தளத்தில் லாக்கர் அறை உள்ள கிளையைத் தவிர்க்க இது ஒரு காரணம்.

ஒவ்வொரு நகையையும் வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் தெரிய, படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடையும் ரசீதும் சேர்த்து வையுங்கள். அண்மைக் காலத்தில் வாங்கிய ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கம் கொண்ட எச்யுஐடி அடையாளக் குறி இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை அது இல்லாமல் விற்கக் கூடாது. லென்ஸ் வைத்துப் பார்த்து அதையும் குறித்து வையுங்கள்.

பகலில் பெற்றோர் தனியாக

பகல் நேரத்தில் ஆபத்து கடப்பாரையோடு வருவதைவிட, சிரித்த முகத்தோடு மணி அடிப்பதுதான் அதிகம். நகை பாலிஷ் போடுகிறேன் என்பவர் நகையை முக்கும் திரவம் தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவை; திரும்ப வரும் வளையல் பளபளப்பாகவும் எடை குறைந்தும் இருக்கும். வாட்டர் ஃபில்டர் சர்வீஸ், கேஸ் குழாய் சோதனை, மின்சார மீட்டர் என்று வருபவர் எவராயினும், நீங்கள் அழைத்து வரச் சொல்லியிருந்தால் ஒழிய கிரில் கதவு திறக்கக் கூடாது என்று ஒரே விதி வையுங்கள். 'யார் நல்லவர்' என்று அப்பா ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டிய நிலையை உருவாக்காதீர்கள். கூரியர் பொட்டலம் கிரில் இடுக்கில் நுழையாவிட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம். கதவில் பார்வைக் கண்ணாடியை அம்மாவின் கண் உயரத்துக்குத் துளை போடச் சொல்லுங்கள். தச்சர் தன் உயரத்துக்குப் போட்டுவிடுவார்.

மொழி இன்னொரு தடை. பெற்றோருக்குக் கன்னடம் பழகியிருக்காது, பதற்றத்தில் இருப்பதும் மறந்துவிடும். போனுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: 'மனெகெ பெங்கி பித்திதெ' (வீட்டில் தீ), 'மனெயொளகெ கள்ளரு நுக்கித்தாரெ' (வீட்டுக்குள் திருடர்கள்), 'மனெகெ நீரு நுக்கிதெ' (வீட்டுக்குள் தண்ணீர்), 'பேக பன்னி' (சீக்கிரம் வாருங்கள்). அதன்கீழ் மெயின் ரோடு, கிராஸ் ரோடு எண்ணோடு முகவரியும், எல்லோருக்கும் தெரிந்த கோயிலோ பள்ளியோ ஓர் அடையாளமும். போலீஸ், தீயணைப்பு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் 112. ஆம்புலன்ஸுக்கு நேரடியாக 108, தீயணைப்புக்கு 101, கேஸ் கசிவுக்கு 1906, மின்வாரியமான பெஸ்காமுக்கு 1912, சாக்கடை, குடிநீருக்கு 1916.

தீ

வீட்டுத் தீயில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் புகை. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத் தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள்; புகையிலிருந்து தப்ப மேல்மாடியிலிருந்து குதித்தவர்களும் அதில் உண்டு. புகை முதலில் பிடிப்பது படிக்கட்டை. உங்கள் வீட்டுப் படிக்கட்டின் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: இன்வெர்ட்டர் பேட்டரி, செருப்பு ஸ்டாண்டு, பழைய பேப்பர் கட்டு, சார்ஜில் கிடக்கும் மின் ஸ்கூட்டர். நான்கும் ஒரே இடத்தில், வெளியேறும் ஒரே வழியில். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அதற்குக் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பேப்பர் கூடாது. ஸ்கூட்டரை வெளிக் காம்பவுண்டில், தனி 16 ஆம்பியர் சாக்கெட்டில் சார்ஜ் செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். கழற்றும் பேட்டரியை வாசல் கதவோரம் வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடுவது, தீப்பிடித்தால் நீங்கள் போக வேண்டிய வழியிலேயே தீயை வைப்பதற்குச் சமம்.

மின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழும். ஆள் உடம்பு வழியே மின்சாரம் கசிந்தால் விழுவது ஆர்சிசிபி. அதன் டெஸ்ட் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமுக்கி, விழுகிறதா பாருங்கள். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரிய ஆம்பியர் எம்சிபி மாற்றித் தருபவரை மறுபடி கூப்பிடாதீர்கள். ஒயர் அதே பழைய தடிமன், இனி எம்சிபிக்குப் பதில் சுவருக்குள் ஒயர் சூடாகும்.

புகை அலாரம் பேட்டரியில் இயங்கும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே கூரையில். சமையலறையிலோ பூஜையறைக்கு எதிரிலோ வைத்தால் தாளிப்புக்கும் கற்பூரத்துக்கும் கத்தி, ஒரு வாரத்தில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். தீயணைப்பான் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஏபிசி பவுடர் வகை ஒன்று, சமையலறைக்கு வெளியே, வாசலுக்குப் போகும் வழியில். அடுப்புக்கு மேல் மாட்டினால் தேவைப்படும்போது எடுக்க முடியாது. 2 கிலோ உருளை சில நொடிகளுக்குத்தான் அடிக்கும். ஊசியைப் பிடுங்கி, தீயின் அடியைப் பார்த்து, பக்கவாட்டில் வீசி அடிக்க வேண்டும். அது தீர்ந்தும் அணையவில்லை என்றால் வெளியே போய்விடுங்கள். வாணலி எண்ணெய் பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்; தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் கூரை வரை பொங்கும்.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் படரும். நகரத்தில் பல பகுதிகளுக்கு வந்துவிட்ட குழாய் கேஸ் காற்றைவிட லேசு, மேலே போகும். கேஸ் கசிவு அலாரம் வாங்கினால் சிலிண்டருக்குத் தரையிலிருந்து ஓர் அடியிலும், குழாய் கேஸுக்குக் கூரையிலிருந்து ஓர் அடி கீழேயும் பொருத்த வேண்டும். மாற்றிப் பொருத்திய அலாரம் சுவர் அலங்காரம்தான். ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸின் ஆயுள் ஐந்து ஆண்டு. தேதி அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் திறந்து, வெளியே போய் 1906-க்கு அழையுங்கள்.

படிக்கட்டில் புகை அடர்ந்திருந்தால் அதற்குள் இறங்காதீர்கள். அறைக் கதவை மூடி, கீழ் இடுக்கை ஈரத்துண்டால் அடைத்து, அந்தத் திறக்கும் கிரில் அருகே போய் நில்லுங்கள்.

தண்ணீர்

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், மகாதேவபுரா பக்கம் கோடீஸ்வர லேஅவுட்டுகளிலிருந்து மக்களை டிராக்டரில் ஏற்றி வந்தார்கள். 2025 மேயில் உங்கள் ஹொரமாவு சாய் லேஅவுட் முழுகியது. பணம் போட்ட வீடா இல்லையா என்பதைத் தண்ணீர் பார்ப்பதில்லை. ஏரிக்கு ஏரி தொடுத்திருந்த 'ராஜகாலுவை' எனும் பெரிய மழைநீர்க் கால்வாய் எங்கே ஓடியது என்பதைத்தான் பார்க்கிறது. கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் உங்கள் மனை இருக்கும் இடத்தைத் திறந்தால் சர்வே எண்ணும் பழைய கால்வாய், ஏரி எல்லைகளும் தெரியும்.

தெருத் தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே குளியலறைத் தரைத் துளை வழியாகச் சாக்கடை வரும். உங்கள் வீட்டுக் கடைசி சேம்பருக்கும் தெரு மேன்ஹோலுக்கும் நடுவில் ஒரு வழி வால்வு போடச் சொல்லுங்கள். அதுவரை, தரைத் துளைக்கும் டாய்லெட் பீங்கானுக்கும் பிளாஸ்டிக் பையில் கட்டிய மணல் மூட்டைகள். வாசலில் மணல் மூட்டைக்குக் கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்தால்தான் பயன். வெறும் மூட்டையின் இடுக்கில் தண்ணீர் வந்துவிடும். இருபக்கமும் சேனல் பொருத்தி ரப்பர் பட்டையோடு பலகை இறக்கும் தடுப்பும் நல்லது, ஆனால் 2 அடிக்கு மேல் வேண்டாம். 60 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் ஒரு மீட்டர் அகலப் பலகையைச் சுமார் 180 கிலோ விசையோடு தள்ளும். உயரம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. அதற்கு மேல் தடுத்து நிறுத்த முயன்றால் சுவர் சாயும்.

சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் சாக்கடை கலந்த நீர் குடிநீரில் இறங்கும். மூடியைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, இறுக்கி மூடும் மூடி போடுங்கள். ஒரு முறை இறங்கிவிட்டால் முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிய பிறகே நிரப்ப வேண்டும். காற்றோட்டமில்லாத சம்ப்புக்குள் ஒருவரைத் தனியாக இறக்காதீர்கள்.

தண்ணீர் வீட்டுப் படியைத் தொடும்போது, சாக்கெட்டைத் தொடும்முன், மெயினை இறக்குங்கள். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு வீட்டுக்குள் மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதையும் தனியாக அணைக்க வேண்டும். கால் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தால் போர்டைத் தொடாமல் 1912-க்கு அழையுங்கள். சிலிண்டரைக் கட்டி வையுங்கள்: நிறைந்த சிலிண்டரும் மிதக்கும், மிதந்து ஹோஸைப் பிடுங்கும். முழுகி எழுந்த காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் நீர் இருந்தால் அந்த ஒரு திருப்பலில் எஞ்சின் போய்விடும். மழை பெய்யும்போது சுரங்கப்பாதையில் வண்டியை இறக்காதீர்கள். 2023 மேயில் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கார் முழுகி ஓர் இளம்பெண் இறந்தார்.

பெற்றோருக்கு ஒரு வார மருந்து, டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம், பத்திர நகல்கள் அடங்கிய பை மேல்மாடியில் இருக்கட்டும், மேல்வீட்டுக்காரர் சம்மதத்தோடு. பெங்களூரில் நிலநடுக்க ஆபத்து குறைவு. அதற்காகத் தனியே எதுவும் செய்ய வேண்டாம், பீரோவைச் சுவரோடு ஒரு பட்டை வைத்துப் பிணைத்தால் போதும்.

காப்பீடும் நடந்தபின் செய்ய வேண்டியதும்

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றுக்குக் கட்டடத்தையும், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை (உச்சம் 10 லட்சம்) பொதுவான வீட்டுப் பொருளையும் தானாகவே காக்கும். ஆனால் திருட்டு, அப்படி ஓர் ஆபத்து நடந்த ஏழு நாளுக்குள் நடந்தால்தான் அதில் சேரும். பொங்கல் விடுமுறைத் திருட்டுக்கு அதில் பைசா வராது. கொள்ளைக் காப்பீட்டைத் தனியே சேர்க்கச் சொல்லுங்கள். நகைக்கு உச்சவரம்பு என்ன, வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம், உடைத்து நுழைந்த அடையாளம் கட்டாயமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

திரும்பி வரும்போது கதவு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். இல்லாவிட்டாலும் பீரோவின் கைப்பிடியிலுள்ள ரேகையை நீங்களே அழித்துவிடுவீர்கள். தெருவில் நின்று 112-க்கு அழையுங்கள். ரேகை நிபுணர்கள் முடித்த பிறகு பட்டியல் போடுங்கள். காசோலைப் புத்தகம், கார்டு, வண்டியின் மாற்றுச் சாவி போயிருக்கிறதா என்று அன்றே பாருங்கள், நகையைத் தேடும் பதற்றத்தில் இவை விட்டுப்போகும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் கொடுங்கள். எஃப்ஐஆரில் 'தங்கச் சங்கிலி ஒன்று' என்று விடாமல் எடை, வேலைப்பாடு, எச்யுஐடி எல்லாம் ஏறட்டும்: நகை பிடிபட்டால் அது நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே மனு போட்டு 'இது என்னுடையது' என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது ஸ்கேலோடு எடுத்த அந்தப் படமும் ரசீதும்தான். அவற்றின் நகலை வீட்டு பீரோவில் மட்டும் வைக்காமல், மெயிலிலும் போட்டு வையுங்கள்.